கம்பளி இருந்த மூலை

இன்று தலவாக்கலையில் ஒரு கராஜில், நாலு பேர் முன்னால் நின்று அழுதுவிட்டேன்!

காருக்காக அழுகிறேன் என்று அந்த மெக்கானிக் பாஸ் நினைத்திருப்பார். (பாதி அதுவும் உண்மைதான்.)

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சு வலிக்குது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் விட்டுப்போனது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு ஹைபிரிட் கார். கொட்டகலையில் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடினார். இப்போது அவர் தம்பி தினேஷ் ஓட்டுகிறான். அதில்தான் என் வீட்டிலும் அவன் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

இதற்கு முன்னால் எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. நடுரோட்டில் நின்றால் அவரே இறங்குவார். ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு துண்டுக் கம்பி, அவ்வளவுதான். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சவுக்காரத்தைத் தேய்த்து அடைப்பார். நான் பக்கத்தில் குடை பிடித்து நிற்பேன். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும்.

இந்தக் கார் அப்படி இல்லை. பொனட்டைத் திறந்தால் ஒரு மூடி, அதற்குக் கீழே இன்னொரு மூடி! கரண்ட் அடிக்கும் என்று அந்தச் செம்மஞ்சள் வயர் பக்கம் அவர் கையே கொண்டுபோக மாட்டார்.

போன வாரம் ஏற்றத்தில் வரும்போது சிவப்பு முக்கோண லைட் எரிந்தது. கார் முக்கி முக்கி நின்றுவிட்டது.

முதலில் ஹட்டனில் ஒருவரிடம் காட்டினோம். அவர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகி, போனைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

“ஹைபிரிட் பேட்டரி முடிஞ்சிருச்சு. முழுசா மாத்தணும்.”

“எவ்வளவு வருங்க?”

சொன்னார். அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். (என் தோடு, தங்கச்சி தோடு, பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி தோடு எல்லாம் சேர்த்தாலும் பத்தாது!)

தினேஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அண்ணி, வித்துருவோம். திரீவீல் ஆட்டோ ஒன்னு எடுத்தா நானே கழட்டி மாட்டிக்குவேன். இதுக்கு நம்மால முடியாது.”

அவன் சொன்னது நியாயம். ஆனால் அந்த ஸ்டீயரிங்கில் அவர் கை பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. தினேஷ் இல்லாத நேரம் அதில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். விற்றால் அதுவும் போய்விடும்.

“இன்னும் ஒரே ஒரு எடத்துல காட்டுவோம். அங்கயும் அதையே சொன்னா வித்துரு” என்றேன்.

அப்படித்தான் இன்று நின்று நின்று தலவாக்கலைக்குப் போனோம்.

இந்த பாஸும் பெட்டியைத்தான் சொருகினார். ஆனால் அதோடு விடாமல் பின் கதவைத் திறந்தார்.

பின் சீட்டில் வலது மூலையில் என் வீட்டுக்காரருடைய கறுப்புக் கம்பளி மடித்திருக்கும். குளிரில் ஹயருக்குக் காத்திருக்கும்போது போர்த்திக்கொள்வார். அவர் போன பிறகு நான்தான் அங்கே வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் கொஞ்சம் விபூதி போடுவேன். அந்த இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன்.

“அக்கா, இத யாரு இங்க வச்சது?”

“நான்தாங்க. ஏன்?”

பாஸ் கம்பளியைத் தூக்கினார். சீட்டு ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு சின்ன ஜன்னல்.

“பேட்டரி உள்ளுக்குத்தான் இருக்கு. இந்த வழியாத்தான் காத்து இழுக்கும். நீங்க அது மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க.”

கழற்றினார். உள்ளே ஒரு குட்டி ஃபேன். கம்பளி நூலும் விபூதியும் சேர்ந்து ரொட்டி மாதிரி அப்பியிருந்தது! (எட்டு மாதமாக பேட்டரிக்குப் பூஜை செய்திருக்கிறேன்!)

“அண்ணி, நீங்க போட்ட விபூதிக்கு அது சாமியார் ஆகாம இருந்ததே பெருசு” என்றான் தினேஷ்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் இருக்கும்போது யார் ஏறினாலும் ஒரு பாட்டுப் பாடுவார். “அந்த வலது மூலையில பேக் வைக்காதீங்க, மடியில வச்சுக்குங்க.” எனக்கு எரிச்சலாக இருக்கும்.

“என்னங்க, தங்கமா ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தங்கத்தவிட வெல கூடுனது புள்ள” என்று சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அவர் வேண்டாம் என்ற அதே இடத்தில், அவர் கம்பளியையே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அங்கேதான் அழுதேன்.

பாஸ் எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். லைட் எரியவில்லை!

“பேட்டரி கொஞ்சம் பழசுதான் அக்கா, ஆனா சாகல. பொட்டி ‘சூடு’ன்னு மட்டுந்தான் சொல்லும். ஏன் சூடுன்னு நாமதான் தேடணும்.”

திரும்பும்போது கம்பளி என் மடியில். வழியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியாயி அக்கா கை காட்டினார். ஏறியதும் லீக்ஸ் மரக்கறி மூட்டையைத் தூக்கி அந்த மூலையில் வைக்கப் போனார்.

“அக்கா, அங்க வைக்காதீங்க, மடியில வச்சுக்குங்க!”

என் வாயில் அவர் குரல். தினேஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“ஏன்டி, ஒங்க சீட்டு அழுக்காயிருமோ?”

“இல்லக்கா. காரு அங்கதான் மூச்சு விடுது.”

“அடியாத்தீ! இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்க வீட்டுக்காரரு.”

(தலவாக்கலை பாஸ், மன்னிச்சுக்குங்க!)

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனிமேல் காரில் வேறு இடத்தில் வைப்பதென்றாலும் கம்பளியைத் துவைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள் பாஸும் தினேஷும். துவைக்காமல் அந்த நூல் தூசியை மட்டும் எடுக்க யாருக்காவது வழி தெரியுமா?

துவைத்தால் அவர் வாசனை போய்விடும்.