குலசையிலிருந்து தூத்துக்குடிக்கு, மூச்சை எண்ணியபடி

எழுபத்தாறு டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை குலசேகரன்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. பக்கத்து வீட்டு பிலோமியின் இரண்டு மாத மகன் அந்தோணிக்கு மூச்சு முட்டியது. அவன் தகப்பன் கப்பலில் இருந்தான். நான் குழந்தைக்கு ஞானத்தாய். நோயுற்ற குழந்தையோடு இந்த வழியில் போக நேர்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம். கோயிலிலிருந்து திரும்பியதும் ஞானத்தாய்தான் முதலில் முத்தம் தர வேண்டும்; பிறகே குழந்தை பெற்றவள் கைக்குப் போகும். எங்கள் தெரு வழக்கம் அது. அன்று இன்னொரு குழந்தைக்கும், நோஞ்சானாகப் பிறந்த ஒரு பெண்ணுக்கு, நானே ஞானத்தாய். அந்தோணியோ கொழுகொழுவென்று இருந்தான். புதன்கிழமை அவனுக்கு மூக்கு ஒழுகியது. வியாழன் விடியலில் மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவில் குழி விழுந்தது. முத்துக் குளித்த என் கணவரின் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. வாடைக்காற்றுதான் காரணம் என்று தீர்மானித்தேன்.

காலை 6.10க்கு பஸ். திருச்செந்தூர் பதின்மூன்று கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே இருபது நிமிடம் காத்திருந்து தூத்துக்குடி பஸ் ஏறினோம். இன்னும் நாற்பது கிலோமீட்டர். குழந்தை பிலோமியின் மடியில், அவள் மூத்த மகள் நான்கு வயது ரோசி என் மடியில். எங்களைச் சுற்றியிருந்த சன்னல்களை எல்லாம் அடைத்தேன்.

"பெரியம்மா, இப்படி அடைச்சிட்டியளே, ஆளுவ உள்ள அவிஞ்சு போவாவ" என்றார் கண்டக்டர்.

"பிள்ளைக்குக் காத்து ஆவாது."

"காத்துக்குத்தானே அது தவிக்கி!" என்றார் பின்னால் இருந்த அண்ணாச்சி ஒருவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறுமுகநேரி உப்பளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. முத்தையாபுரம் தாண்டி, புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் இருபது நிமிடம் வழியை மறித்தன. 8.35க்கு இறங்கினோம். ஆஸ்பத்திரிக்கு சைக்கிள் ரிக்‌ஷா ஒரு ரூபாய், கேட்டது ஒன்றரை.

டாக்டரம்மா இளவயதுக்காரர். குழந்தைக்கு உடனே ஆக்சிஜன் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பிள்ளையைத் தூக்குறவங்க யாருக்காவது சளி இருந்துச்சா?"

"ஒருவருக்கும் இல்லை. நான் தொடும் பாத்திரம்கூட வெந்நீரில் கழுவியது" என்றேன்.

"பெரியம்மாதான் தும்முனாவ" என்றாள் ரோசி. "எனக்கும் முத்தம் தந்தாவ, தம்பிக்கும் தந்தாவ."

சனிக்கிழமை இரண்டு தும்மல். அதை நான் நோய் என்று கணக்கில் எடுக்கவே இல்லை. ரோசிக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி.

பென்சிலின் போடச் சொன்னேன். இந்தக் கிருமி அதற்குக் கட்டுப்படாது என்றார் டாக்டர். "ஒங்க உடம்பு இதைப் பல தடவை பார்த்திருக்கு, மூக்கோட நிறுத்திடும். இவனுக்கு இதுதான் முதல் தடவை. உடம்பு எதிர்த்துப் போராடுது. அதுலயும் வீக்கமும் சளியும் வரும். மூச்சுக்குழாயோ ரொம்பச் சின்னது, அடைச்சுக்குது."

"அப்படியானால் இவனை வதைப்பது கிருமியா, இவன் உடம்பேதானா?"

"ரெண்டும். எது எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"அன்று நான் முத்தமிட்ட இன்னொரு குழந்தை நோஞ்சான். அது நன்றாக இருக்கிறதே?"

"அதுவும் தெரியல. ஒங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னும் உறுதியாச் சொல்ல முடியாது."

கன்னியாஸ்திரிகளின் பள்ளியில், கேள்விக்கு ஒரே விடைதான் என்று படித்தவள் நான். இந்தப் பெண்ணோ தெரியவில்லை என்பதைத் தலைநிமிர்ந்து சொல்கிறாள். அறிவில்லாமல் சொல்கிறாளா, அறிந்ததால் சொல்கிறாளா? எனக்குப் புரியவில்லை. பிலோமி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் புரியவில்லை.

நான் வார்டுக்குள் போகவில்லை. வராந்தா பெஞ்சிலேயே இருந்தேன். மூச்சை எண்ணும்படி கடிகாரத்தை பிலோமியிடம் கொடுத்தேன். வெள்ளி எழுபது, சனி அறுபது. ஞாயிறு காலை நாற்பத்தாறு என்று சொல்ல ஓடிவந்தவள், "பால் குடிக்கான் பெரியம்மா" என்று அழுதாள்.

திங்கள் மதியம் திரும்பினோம். பஸ்ஸில் பிலோமி குழந்தையை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"இன்னும் தும்மல் இருக்கா?"

"இல்லை."

"பெறவென்ன? பிடிங்க. ஞானத்தாய் வேற யாரு இருக்கா அவனுக்கு?"

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விலா குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அது நின்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டே தும்மல் என்றாலும் பச்சைப்பிள்ளைக்கு முத்தம் தராதீர்கள், வழக்கம் காத்திருக்கும்.

அந்தோணியை வாங்கிக்கொண்டேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டேன். என் கணவர் கடலுக்கடியில் எண்பது எண்ணும்வரை அடக்குவார். என்னால் இருபத்திரண்டுதான் முடிந்தது. வெளியே விட்டுவிட்டு மறுபடி அடக்கினேன், திருச்செந்தூர் வரை.