வயிற்றில் இறங்கிய தண்ணீர்

கல்யாணமாகி எட்டாவது வருஷம் தர்மபுரியில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் எனக்குச் சிகிச்சை தொடங்கியது. பதினோரு நாள் தொப்புளுக்குக் கீழே ஹார்மோன் ஊசி. பெரும்பாலும் என் கணவர்தான் போட்டுவிட்டார். தக்காளித் தோட்டத்தில் எந்த வேலைக்கும் அஞ்சாதவர், ஊசியை எடுக்குமுன் இரண்டு மூன்று முறை கை கழுவிவிட்டு வருவார். கடைசியில் முட்டைகளை முதிரவைக்கும் ஊசி ஒன்று போட்டு, ஒரு நாள் விட்டு முட்டைகளை எடுத்தார்கள். நிறைய வந்திருக்கிறது, கருவாக்கி உறையவைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து உள்ளே வைக்கலாம் என்றார்கள். வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். நான் அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாலக்கோடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் பாவாடை நாடா இறுகியது. நான்காம் நாள் வயிறு மேடு தட்டிவிட்டது. காரிமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அப்படியேதான் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காரு கண்ணு. எத்தன மாசம்?"

"அஞ்சுங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இறங்கும்வரை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே போனேன். அந்த அரை மணி நேரம் நான் கர்ப்பிணியாக இருந்தேன்.

வீட்டில் என் மாமியார் என் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். "ஒடம்பு பூரா தண்ணி ஏறிக்கிச்சு. தண்ணி குடிக்கிறத கம்மி பண்ணு," என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவு தாகம். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு ஒன்றரை நாள் ஓட்டினேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் வந்து நின்றுபோனது. படுத்தால் மூச்சு முட்டியது. தோட்டத்திலிருந்து வந்த கணவர், நான் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் காரில் தர்மபுரிக்குக் கூட்டிப் போனார். மாமியாரும் ஏறிக்கொண்டார்.

மருத்துவர் அம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு எங்கள் மூவருக்கும் விளக்கினார். ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, அதனால் ரத்தக்குழாய்கள் கசிகின்றன என்றார். "ரத்தத்துல இருக்க வேண்டிய தண்ணி வயித்துல எறங்கிடுச்சுங்க. வெளிய பாத்தா வீக்கம், உள்ள ரத்தம் காஞ்சு கெட்டியாகுது. அதான் இவ்வளவு தாகம்." மாதவிலக்குக்கு முன் பல பெண்களுக்கு உடம்பு கனத்து உப்புகிறதே, அதிலும் இந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு என்றார். மாதாமாதம் சில நாள் என் மோதிரம் விரலில் இறுகும். ஒருநாளும் யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை.

ஊசி செருகி வயிற்றிலிருந்து மூன்று லிட்டர் நீர் எடுத்தார்கள். வைக்கோல் நிறம். ரத்தம் உறையாமலிருக்க ஊசி, கையில் டிரிப்ஸ். குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து சொல்ல வேண்டும். அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர், கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையிலிருந்த எண்களை மட்டும் நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் என் சிறுநீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து நர்ஸிடம் போய்ச் சொல்வார். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், குவளையைக் கழுவிக்கொண்டே, "நாந்தான் தண்ணி குடிக்காதன்னு சொன்னேன்," என்றார். அந்தத் தாளைப் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும் என்றேன். அவர் குவளையை மறுபடி ஒருமுறை கழுவினார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குளியலறையில் தட்டையாகிவிட்ட வயிற்றைப் பார்த்து அழுதேன். வெறும் தண்ணீர் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

உறையவைத்த கருக்களை இரண்டு முறை வைத்துப் பார்த்தோம். தங்கவில்லை. மறுபடி ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். மாமியார் அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

போன தை மாதம் பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஏன் சிகிச்சையைப் பாதியில் விட்டீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து இலையிலிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தாங்க வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.