செடியிடமும் டிக்கெட் கேட்ட சுல்மா

சுல்மா பெந்தன்கோர் எந்த வீட்டுக்குள்ளும் முன்வாசல் வழியாக நுழைந்து நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் மொந்தேவிதேயோ நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பின்கதவில் ஏறினால்தான் திருடன் அசந்திருப்பான் என்பது அவர் கணக்கு. ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது சமையலறைக் கதவைத் தட்டினார். என் மனைவி இர்மா அவரை மீன்காரி என்று நினைத்து, இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தால் சுல்மா கத்தமாட்டார். மெல்லக் குனிந்து காதருகே, "அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுங்க, நானும் எறங்கறேன்" என்பார். சுற்றி இருப்பவர்களுக்கு யாரோ தெரிந்தவர் நலம் விசாரிப்பதுபோலத்தான் இருக்கும். கீழே இறங்கிய பிறகு வாங்கிக் கட்டிக்கொள்வது அவரவர் தலையெழுத்து. ஆனால் பேருந்துக்குள் ஒருவனையும் தலைகுனிய வைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் நாட்டில் வீட்டுக்கு ஆறு என்று சட்டம் அனுமதித்த கஞ்சாச் செடிகளைத் துணி அலமாரிக்குள் விளக்கு மாட்டி வளர்க்க ஆரம்பித்தார். துணிகள் சோபாவுக்குக் குடிபெயர்ந்தன. பூ வைக்கிற நேரத்தில் இலைக்கடியில் சிவப்புச் சிலந்திப் பேன் ஏறிவிட்டது. வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் சாற்றை உறிஞ்சி நூலாம்படை கட்டி இலையைச் சாம்பலாக்கிவிடும். இரண்டே வாரத்தில் ஆறும் போயின.

"ஆயிரக்கணக்குல ஏறியிருக்கானுங்க, ஒருத்தன்கிட்டயும் டிக்கெட் இல்ல! அதுவும் என் வீட்டு அலமாரியில!" என்று தெருவெல்லாம் சொல்லிப் பொருமினார்.

அன்றிலிருந்து பூச்சிதான் அவருக்குப் பயணி. விவாகரத்தின்போது கணவரிடமிருந்து அவர் கேட்டு வாங்கியது ஒரே ஒரு பொருள்: அந்த மனிதர் தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடி. தேவைப்பட்டு வாங்கவில்லை; அந்தக் கணவர் அதன்மேல்தான் உயிரையே வைத்திருந்தார் என்பதால் வாங்கினார். அது இப்போது உதவியது. எந்தப் பூச்சி இலையின் எந்தப் பக்கம் உட்காரும், எது எதைத் தின்னும் என்று இரண்டு வருடத்தில் கரைத்துக் குடித்துவிட்டார். விஷமருந்து அடிப்பது மட்டும் அவருக்கு ஆகாது. புகையாக நெஞ்சுக்குள் போகிற பொருளில் விஷம் அடிப்பவனை ஓடுகிற பேருந்திலிருந்தே இறக்கிவிடலாம் என்பார்.

அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளைத் துல்சே தெ லெச்சே என்கிற பால் இனிப்பு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் தூங்க வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மருமகன் அதைத் திறந்து ரொட்டியில் தடவக் கத்தியை எடுத்துவிட்டான். "கைய எடு! அவங்க நாளைக்கு டூட்டிக்குப் போகணும்" என்று ஒரு அதட்டல். பாவம், அவன் அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் தண்ணீர்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறான்.

இந்தச் சுல்மாவைத்தான் ஜூலை மாதத்தில் எங்கள் சங்கத்துக்கு அழைத்து வந்தார்கள். பாசோ மொலினோவில் ஒரு பழைய வீட்டை எடுத்து, உள்ளறைகளில் விளக்கொளியில் கஞ்சா வளர்க்கிற சங்கம். முப்பத்தொரு உறுப்பினர்கள், அரசுப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் உண்டு. நான் அன்செல்மோ ரோதாவோ, செயலாளர். நோட்டரி ஆபீசில் நாற்பது வருடம் எழுதிய கை என்பதால் தீர்மானங்களை என்னைப்போல் அழகாக எழுத அங்கே ஆள் இல்லை.

எங்கள் பிரச்சினை சின்னக் கறுப்பு ஈ. ஏப்ரலில் ஒன்றிரண்டு பறந்தது. ஜூனில் மூச்சு விட்டால் மூக்குக்குள் போனது. ஈ பறப்பதோடு சரி. அது ஈரமண்ணில் இடுகிற முட்டையிலிருந்து வரும் புழுதான் வேரைத் தின்கிறது. செடிகள் வாடின. மண் நிறைய நாள் ஈரமாகக் கிடந்தால் இந்த ஈ வரும் என்று எங்கேயோ படித்தேன். தண்ணீர் ஊற்றுவது யார்? தோட்டக்காரன் தார்தோ பீரிஸ். அப்புறம் என்ன, குற்றவாளி கிடைத்துவிட்டான்.

தார்தோவுக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று வார்த்தையில் முடிக்கவேண்டியதை இரண்டில் முடிப்பவன். இந்த வேலை போனால் அந்த வயதில் அவனைச் சீந்துவார் இல்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். வழக்கம்போலக் காலை ஒன்பதுக்குப் போய்ச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு மாத்தே இலைத் தேநீர் குடித்தேன். மார்ச்சில் இர்மா இறந்துபோனதிலிருந்து அவளிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அங்கேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்து, குடுவையிலிருந்த சக்கையைத் தொட்டியில் தட்டி, செடிக்கு நல்லதாயிற்றே என்று விரலால் மண்ணைக் கிளறி மூடிவிட்டு, எழுத உட்கார்ந்தேன். "தீர்மானம் இரண்டு: அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரரைப் பணிநீக்கம் செய்வது." கையெழுத்து முத்து முத்தாக வந்தது.

அது தெரிந்த நாளிலிருந்து தார்தோ என்னிடம் மாத்தே வாங்குகிற விதம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் வெந்நீர் ஊற்றித் தர, குடித்துவிட்டுக் குடுவையைப் பேசாமல் திருப்பித் தரவேண்டும். "நன்றி" என்று சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். தார்தோ ஒரே ஒரு மாத்தே குடிப்பான், "நன்றி" என்பான், வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

சுல்மா கொல்லைப்பக்கமாக வந்தார். தொட்டிகளின் அடியைத் தூக்கிக் கனம் பார்த்தார். தார்தோ மாட்டியிருந்த மஞ்சள் ஒட்டு அட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொரு தொட்டியிலும் அவன் மேலாகப் பரப்பியிருந்த மணலைத் தடவினார்.

"மணல் யாரு போட்டது?"

"நான்தான்" என்றான் தார்தோ.

"மேல காய்ஞ்சிருந்தா ஈ முட்டை வைக்காது. தெரிஞ்சவன் செஞ்ச வேலை. அப்புறம் எதுக்கு இந்த ஏழாம் நம்பர் தொட்டியில மட்டும் மணலு கிளறிக் கெடக்கு?"

தார்தோ கூரையைப் பார்த்தான்.

"பூனையா இருக்கும்" என்றேன் நான், உண்மையாகவே.

"ஆமா, பூட்டின ரூமுக்குள்ள பூனை. சாவி வச்சிருக்கோ?" என்றவர், பையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வில்லை வில்லையாக நறுக்கித் தொட்டிக்கு ஒன்றாக மண்மேல் வைத்தார்.

"பொரிச்சு வச்சா நாங்களும் வருவோமே, சுல்மா அம்மா" என்றேன்.

"உங்களுக்கு இல்ல செக்ரட்டரி. புழு வேரை விட்டுட்டு இதுக்கு வரும். எந்த ஸ்டாப்புல கூட்டம் ஜாஸ்தின்னு எண்ணிப் பாக்கலாம்."

சனிக்கிழமை பொதுக்கூட்டம். சுல்மா அரைமணி முன்னால் வந்து வில்லைகளைத் திருப்பினார். பெரும்பாலான தொட்டிகளில் இரண்டு, மூன்று. ஏழாம் தொட்டியில் நாற்பத்திரண்டு, கண்ணாடிபோல் உடம்பும் கறுப்புத் தலையுமாக. கரண்டியால் தோண்டினார். பச்சையாக ஊறிப்போன எதையோ எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதிலிருந்து பொடிசாக ஒரு மஞ்சள் பூவை நகத்தால் பிரித்து, ஒரு பழைய பேருந்து டிக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "பயணி" என்றார்.

கூட்டம் தொடங்கியது. வெளியே மழை, உள்ளே தோர்தா ஃபிரிதா அப்பம் பொரிக்கிற வாசனை, எட்டுப் பத்துக் குடுவைகள் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தன. சுல்மா நாற்காலி நாற்காலியாக நகர்ந்து எல்லோரிடமும் மாத்தே கேட்டுக் குடித்தார். அம்மையாருக்கு இத்தனை தாகமா என்று உறுப்பினர்கள் கேலி செய்தார்கள். "ஓசின்னா விடமாட்டாங்க போலிருக்கே!" என்று பின்வரிசையில் ஒருவர். கடைசியில் என்னிடம் வந்தார். உறிஞ்சினார். மூடியில்லாத குடுவையை மோந்து பார்த்தார்.

"மஞ்சள் மர்செலாப் பூ போட்டிருக்கீங்களா?"

"வயித்துக்கு நல்லதுன்னு. இர்மா போனதுலேர்ந்து எதுவும் செரிக்க மாட்டேங்குது."

"இங்க வேற யாரும் போடல. சக்கைய எங்க கொட்டுவீங்க?"

"செடிக்குத்தான். உரமாச்சே. எங்க வீட்டுல எப்பவும்..."

சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. சக்கை வாரக்கணக்கில் ஈரம் காயாது. மணலுக்கு அடியில் போய்விட்டால் கேட்கவே வேண்டாம், ஈக்குக் கல்யாண விருந்து. மார்ச்சிலிருந்து நாள் தவறாமல் நான்தான் பந்தி போட்டிருக்கிறேன்.

சுல்மா குனிந்தார். என் காதில் மட்டும் விழுகிற குரலில், "செக்ரட்டரி, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுங்க" என்றார். என் குடுவையை என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. நான் வாய் திறக்காவிட்டால் அவர் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது. தலைவர், "தீர்மானம் இரண்டு, செக்ரட்டரி படிப்பார்" என்றார். எழுந்தேன். என் அழகான கையெழுத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு அசிங்கமான எழுத்தை நான் வாழ்நாளில் எழுதியதில்லை.

"இதைப் படிக்க மாட்டேன். ஈ வளர்த்தது நான். தார்தோ இல்ல" என்று சொல்லி, சக்கைக் கதையை முழுவதும் சொன்னேன். பிறகு முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் விளக்குகள் ஆடின. நான் உட்காரவில்லை. தார்தோவைப் பார்த்தபடியே நின்றேன்.

"ஏம்ப்பா, மணலைப் போட்டவன் நீ. தினம் கிளறிக் கெடக்கறதப் பாத்திருப்பியே. யாருன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"வேலையே போகப் போகுது, சொல்லக்கூடாதா?"

தார்தோ வாளியின் காதைத் திருகினான். அவன் வாயிலிருந்து அத்தனை நீளமாக நான் கேட்டதே இல்லை.

"காலையில வந்து இர்மா அம்மாகிட்ட பேசற மாதிரி பேசுவீங்க. கதவுக்கு வெளிய கேக்கும். சக்கையப் போடாதீங்கன்னா ரூமுக்கே வரமாட்டீங்க. அப்புறம் எங்க போய்ப் பேசுவீங்க? நானே பொறுக்கிப் போட்டுச் சமாளிச்சிரலாம்னு பாத்தேன். பொறுக்கப் பொறுக்க நீங்க போட்டுட்டே இருந்தீங்க."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் சுல்மா எங்கிருந்தோ ஒரு பழைய பேருந்து நிறுத்தப் பலகையைக் கொண்டுவந்து, செடி அறைக்கு வெளியே ஆணி அடித்து மாட்டினார். அதன்கீழ் ஒரு தகர டப்பா. சக்கை அங்கேதான் இறங்கவேண்டும். ஏழாம் தொட்டி மண்ணை மாற்றினோம். புழுவைத் தின்னும் பூச்சிகளை மற்ற தொட்டிகளில் விட்டார். "இவங்ககிட்ட மட்டும் பாஸ் இருக்கு" என்றார். மாதம் ஒருமுறை கொல்லைப்பக்கமாக வந்து முதலில் என் விரல்நகத்தைத்தான் சோதிக்கிறார், பிறகுதான் செடி.

நான் இன்னும் ஒன்பது மணிக்குப் போகிறேன். நாற்காலி இப்போது பலகைக்குக் கீழே. முதல் நாள் அங்கே உட்கார்ந்து இர்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். தார்தோ வாளியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊற்றிக் கொடுத்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் குடித்தான். குடுவையைத் திருப்பித் தந்தான். நான் காத்திருந்தேன். அவன் நன்றி சொல்லவில்லை.

இன்னொன்று ஊற்றினேன்.