வெர்னா விசாரிக்காத ஆள்

துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வருகிறவர்களிடம் வெர்னா டிட்மர் சான்றிதழை வாங்கி ஒரு பார்வை பார்ப்பாள். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்பாள்: "நீங்க நினைக்காம உங்க கையில எப்ப வெடிச்சுது?"

அதைக் கேட்டு முகம் சிவந்து, பழைய கூத்து ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறவனை அவளுக்குப் பிடிக்கும். அப்படி நடந்ததே இல்லை என்கிறவன் புதியவனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் புளுகன்.

ஹார்லன் க்ரீக் வேட்டைக்காரர் கிளப்பின் சுடுதளம் அவள் பொறுப்பில் இருந்தது. ஊருக்கு மேற்கே, மண்மேட்டை ஒட்டி, காற்று ஓயாத வெட்டவெளியில். முன்னொரு தடவை கிளப்காரர்கள் தாங்களாகவே ஒருவரை அமர்த்தினார்கள். சுவர் கொள்ளாத அளவுக்குச் சட்டம்போட்ட சான்றிதழ் வைத்திருந்தார். வந்த வாரமே பாடம் நடத்தும்போது பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டியின் கதவில் ஓட்டை போட்டார். அதற்குப்பிறகு ஆள் எடுக்கிற வேலையை வெர்னாவிடமே விட்டுவிட்டார்கள்.

அவள் விசாரிக்கும் விதமே தனி. வந்தவர் தனக்குச் சாட்சியாகப் பெயர் கொடுக்கிற ஆட்களிடம் நல்லவார்த்தை கேட்டதோடு நிறுத்தமாட்டாள். அவர் முன்பு நடத்திய வகுப்பில் கூட யார் யார் இருந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு, அந்த யாரோ ஒருவரைத் தொலைபேசியில் பிடிப்பாள். பயந்துபோனவர்கள் யாராவது இருந்தார்களா, அவர்களிடம் வாத்தியார் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பாள். கடைசியாக, ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். மாணவர்கள் சுடும்போது வாத்தியாரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். குண்டு துளைக்கிற குறிப்பலகையைப் பார்க்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர். மாணவரின் கையைப் பார்க்கிறவரே வாத்தியார்.

இத்தனையும் தெரிந்தவள்தான் ராண்டல் பீல் விஷயத்தில் தொலைபேசியைத் தொடவே இல்லை.

அதற்குக் காரணம் டேன். வெர்னாவுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனான், கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வந்தான். அதிகாரிகள் வந்து மரியாதையாகப் பேசினார்கள், போனார்கள். அவனோடு இருந்த பையன்கள் இரண்டு பேர் அடக்கத்துக்கு வந்து, தலை நிமிராமல் நின்றுவிட்டுப் போனார்கள். வெர்னாவுக்குக் கேட்கவேண்டியது மலைபோல இருந்தது. அங்கே குளிரில் எப்படித் தூங்கினான், யாரோடு சிரித்தான், வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னானா. அன்றைக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது கேட்க ஆள் இல்லை.

கணவர் ஆரின் நிலக்கரி ரயிலில் வேலை பார்த்தவர். மகன் போனபிறகு அவன் பெயரை ஒருநாளும் உச்சரிக்கவில்லை. வெர்னா ஆரம்பித்தாலே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விடுவார். ஆகவே வீட்டில் டேனைப் பற்றிப் பேச்சே கிடையாது. சுடுதளத்து அலுவலக அறையில் அவன் படத்தை மாட்டி, அங்கே மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டாள்.

ராண்டல் வந்தது ஒரு வசந்தகாலத்துக் காலையில். நாற்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, பணிவான குரல். பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடும் பிரிவில் இருந்ததாகவும், பிறகு அங்கேயே பயிற்சி கொடுத்ததாகவும் சொன்னான். வெர்னா தன் கேள்வியைக் கேட்டாள். அப்படி எதுவும் நடந்ததில்லை மேடம் என்றான். வேறு யாராக இருந்தாலும் காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்திருப்பாள்.

அவன் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "டேன் கூட நான் இருந்தேன் மேடம்" என்றான். "அதே முகாம்."

 பிறகு வெர்னா கேட்கவேண்டிய எதையும் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னாள்.

அந்தக் கோடை முழுக்க அவளுக்கு வேறொரு உயிர் வந்ததுபோல இருந்தது. வகுப்பு முடிந்ததும் ராண்டலை உட்காரவைத்துக்கொள்வாள். மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் பட்டைத்தூள் ரொட்டியும் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். அவன் கதை சொல்வான். டேன் தோட்டா மழையில் ஓடிப்போய்க் காயம்பட்டவனைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தது, மலைச்சரிவில் எதிரியை முதலில் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டே போவான். அவள் ஒரு சொல் சிந்தாமல் கேட்பாள். காரில் திரும்பும்போது அதையே மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். ஆனால் ஒன்று உறுத்தும். கதையில் வருகிறவன் பெரிய வீரன்தான், ஆனால் அவன் டேன் மாதிரியே இல்லை. வேறு யாரோ ஒருத்தன் டேனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல இருக்கும். தாய்க்குத் தெரியாத பக்கம் பிள்ளைக்கு இருக்கும்தானே என்று மனதைத் தட்டிப் படுக்கவைப்பாள்.

மற்றதும் கண்ணில் படாமல் இல்லை. வகுப்பில் அவன் குறிப்பலகையைத்தான் பார்த்தான். பாடத்தைவிடப் போர்க்கதை அதிகம் சொன்னான். யாராவது கொஞ்சம் நுணுக்கமாகக் கேட்டால் சிரித்து மழுப்பினான். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு, தன் கண்ணையே நம்பாதவளைப்போல வெர்னா சும்மா இருந்தாள். அவனைப் பற்றி விசாரித்தால் பதில் ஒன்று வரும். அந்தப் பதில் டேனை இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தாள்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் அவளுடைய தோழி ஜோலீன் வகுப்புக்கு வந்தாள். கணவனை இழந்தபின் தனியாக மாட்டுப்பண்ணையில் இருக்கிறவள். அறுபது வயதில் முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தாள். வெர்னா துணைக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வரிசையில் நின்று சுட்டுக்கொண்டிருந்தபோது ஜோலீனின் துப்பாக்கியில் விசை நகராமல் சிக்கிக்கொண்டது. வாத்தியார் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கவேண்டும். ராண்டல் வரிசையின் மறுகோடியில் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். "இங்க பாருங்களேன், இது நகரமாட்டேங்குது" என்று ஜோலீன் விசையில் விரலை வைத்தபடியே உடம்போடு திரும்பினாள். துப்பாக்கி வாய் பக்கத்தில் நின்றவர்களைத் தடவிக்கொண்டு வந்தது. ராண்டல் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் குந்திவிட்டான்.

வெர்னா எப்படி எழுந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஜோலீனின் மணிக்கட்டைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி அழுத்தினாள். சிக்கியிருந்த விசை விடுபட்டு வெடித்தது. சரளைக்கல் தெறித்துக் காலில் பட்டதோடு சரி. ஜோலீன் அவள் தோளில் சாய்ந்து தேம்பினாள். "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, கீழ வை" என்று வெர்னா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வகுப்பை அத்தோடு முடித்து எல்லாரையும் அனுப்பினாள்.

ராண்டல் தன் வண்டியருகில் நின்றிருந்தான். போயிருக்கலாம், போகவில்லை. வெர்னா அவனிடம் போனாள். கோபப்படத்தான் போனாள். கிட்டே போனதும் கேட்டது வேறு.

"நீ பட்டாளத்துல என்னவா இருந்தே, ராண்டல்?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"சமையல்காரன், மேடம்."

காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது. அவன் மெல்ல மெல்லச் சொன்னான். ஊர் திரும்பியபிறகு பட்டாளம் என்றதும் எல்லாரும் சண்டையைப் பற்றிக் கேட்டார்கள். சமைத்தேன் என்றதும் பேச்சை மாற்றிக்கொண்டு போனார்கள். ஒருநாள் மதுக்கடையில் ஒரு பொய் சொன்னான். அதற்குக் காது கொடுத்தார்கள். பிறகு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. வார இறுதியில் நடந்த ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினான்.

"அப்ப டேன்? அதுவும் பொய்தானா?" வெர்னா கேட்டுவிட்டாள். கேட்டபிறகு காதைப் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது.

"இல்ல மேடம். அவன நிஜமாவே தெரியும். நான் சொன்ன கதைதான் பொய். அவன் சண்டை போட்டத நான் எங்க பாத்தேன்? சாப்பிட்டதத்தான் பாத்தேன்."

அவன் வண்டியில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தான்.

"எல்லாருக்கும் கடைசியா வருவான். மக்ரோனிய அடுப்புல சுட்டெடுத்த தட்டு காலியா இருக்கும். ஓரத்துல கருகி ஒட்டியிருக்குமில்ல, அதச் சுரண்டிக் குடுன்னு நிப்பான். நல்லது எடுத்து வெக்கிறேண்டான்னாலும் வேணாம்பான். தூக்கம் வரலேன்னா வந்து எங்கூட உருளைக்கிழங்கு உரிப்பான். ரொம்ப மோசமா உரிப்பான், பாதிக் கிழங்கு தோலோட போயிடும். சண்டையப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டான். உங்க ஊர்க் காத்தப் பத்தித்தான் பேசுவான். நின்னு பாத்தாத்தான் தெரியும்பான். அதான் வந்தேன். உங்களப் பாக்கத்தான் வந்தேன் மேடம். சமையல்காரன்னு சொல்லிட்டு வர வெக்கமா இருந்துச்சு."

வெர்னா அங்கேயே, வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். கருகின ஓரத்துக்காகத் தன் சமையலறையில் கரண்டியோடு நின்ற பையனை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒரு விஷயமாகவே அதை நினைத்ததில்லை. ஒரு கோடை முழுக்க வீரனைத் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மகன் வந்துசேர்ந்தது இப்போதுதான்.

"அத ஏன்ப்பா முதல்ல சொல்லல?" என்றாள். "நான் கேக்க நெனச்சது அதத்தானே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னாள். துப்பாக்கிப் பக்கமே போகாதே, எங்கேயும் சொல்லிக்கொடுக்காதே, யாராவது சாவார்கள் என்றாள். அவன் தலையாட்டினான். மறுநாள் கிளப்காரர்களிடம் ராண்டலை ஏன் நிறுத்தினாள் என்பதோடு, அவனைத் தான் விசாரிக்காமலே எடுத்ததையும் சொன்னாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஜோலீன் மட்டும் இரண்டு வாரம் அவளோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்தாள்.

ராண்டலை அனுப்பிய அன்று மாலையே வீட்டில் வெர்னா சாப்பாட்டு மேசையில் ஆரினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போல தட்டை எடுத்தார். மக்ரோனி ஓரத்தைப் பற்றிச் சொன்னதும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ராண்டல் வடக்கே ஒரு சுரங்கத் தொழிலாளர் முகாமில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். வெர்னா அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிடுவாள். சுற்றிச் சுற்றி டேனைப் பற்றியேதான் கேட்பாள். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம், அதுவும் எப்போதோ தீர்ந்துவிட்டது. இல்லாததை இருப்பதாகச் சொல்லாமல், "அவ்வளவுதான் மேடம், மத்தது எனக்குத் தெரியாது" என்பான். அந்தப் பதிலுக்காகவே அவனை நம்பினாள். தொலைபேசியை வைத்தபிறகு ஜன்னலருகில் நெடுநேரம் நிற்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரின் தானாகவே வண்டிச்சாவியை எடுத்தார். "அங்க காலைச் சாப்பாடு நல்லா இருக்குமா?" என்றார்.  பனி மூடிய சாலையில் இருவரும் வடக்கே போனார்கள்.

முகாம் கூடத்தில் கூட்டம் கலைந்திருந்தது. ராண்டல் வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு முட்டையும் ரொட்டியும் அதன்மேல் ஊற்றுகிற மாவுக்குழம்பும் கொண்டுவந்து வைத்தான். ஆரின் பாதி சாப்பிட்டார். பிறகு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"டேன் எங்க உக்காருவான்?"

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்ட வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

ராண்டல் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "இதே மாதிரிதான் சார் நீளமா இருக்கும் அங்கயும். அதோ, அந்த மூலை மாதிரி ஒண்ணு. அடுப்பப் பாத்து உக்காருவான்."

ஆரின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடத்தின் குறுக்கே நடந்துபோய், அந்த மூலையில், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். வெர்னா காபிக் கோப்பைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராண்டல் மதியச் சமையலுக்காக உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தான். இருவரும் அவனையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.