கறுப்புத் திரைக்கு ஒரு வக்காலத்து

இரண்டு உள்ளங்கைகளையும் கண்களுக்கு இருபுறமும் குவித்து, மூக்கு முட்டும் அளவுக்கு மடிக்கணினியில் முகத்தை ஒட்டிவைத்திருக்கிறாள் மார்னி. எதிரே நிற்கும் கல்லூரிப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரை முழுக்க ஒரே கறுப்பு. அதில் இந்த அக்கா எதைத்தான் தேடுகிறாள்? கொஞ்ச நேரம் கழித்து முகத்தை எடுத்து, "எவன் சொன்னான் இது செத்துப்போச்சுன்னு?" என்று அதட்டுகிறாள், அந்தப் பெண்ணே அதைக் கொன்று எடுத்து வந்ததுபோல. "உள்ள வெளக்கு எரியுதும்மா. செத்த கறுப்பு வேற, உசுரோட இருக்கிற கறுப்பு வேற. ஏதோ ஒரு புரோகிராம் இதும் மேல போர்வையைப் போத்தி வெச்சிருக்கு. அவ்வளவுதான்."

கெடிரி நகரின் சந்தைத் தெருவில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் சோயாவில் செய்த தெம்பேயைப் பொரித்து விற்கும் வண்டிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவள் கடை. வயது ஐம்பதை நெருங்குகிறது. தலையில் கட்டிய முக்காட்டின் மடிப்பில் சின்னத் திருப்புளியைச் செருகிக்கொள்வாள். பிறகு மேசை, இழுப்பறை, பட்டறைக்காரன் சட்டைப் பை எல்லாவற்றிலும் அதைத் தேடுவாள். "எடுத்தவன் கை வெளங்காது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி முடித்ததும் தெம்பே வண்டிக்காரி தன் தலையைத் தொட்டுக் காட்டுவாள். மார்னி மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனைதான்.

எதிர் வரிசையில் திரை மாற்றும் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரனின் பெயரைச் சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவரின் கணினியில் மணப்பெண்கள் எல்லோரும் மஞ்சள் காமாலை வந்தவர்கள்போலத் தெரிந்தார்கள். 'திரைக்கு வயசாயிடுச்சு, மாத்தணும்' என்று அவன் சொல்லிவிட்டான். மார்னி ஒன்றும் செய்யவில்லை. கணினியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தாள். முதலில் வரும் கம்பெனி முத்திரை பாலாகப் பளிச்சென்று வந்தது. உள்ளே புரோகிராம்கள் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மஞ்சள் இறங்கியது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் புரோகிராம் ஒன்று; மனைவி போட்டு வைத்ததாம். "காய்ச்சல்னு போனா காலை வெட்டுறவன்கிட்ட ஏன்யா போறீங்க? முதல்ல புரோகிராமை விசாரி, அப்புறம் திரையைத் திட்டு" என்று புகைப்படக்காரருக்குத்தான் திட்டு விழுந்தது. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. அது திரையைப் பற்றிய தீர்ப்பாக இருந்தாலும் சரி.

பிஸ்கட் தகரம் ஒன்றில் ஊதா நிறத்தில் மெத்தென்ற துணி வைத்திருக்கிறாள். திரை துடைப்பதற்கென்றே உள்ளது. அதை அவள் தவிர யாரும் தொடக்கூடாது. கணவர் ஒருமுறை மூக்குக் கண்ணாடி துடைக்கக் கேட்டதற்கு, "உங்க கை எண்ணெய் இதுல ஏறுச்சுன்னா எனக்கு வேற துணி இருக்கா?" என்று மூடியை அழுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவர் சட்டை நுனியில்தான் துடைத்துக்கொள்கிறார்.

இந்த நோன்பு மாதத்தின் முதல் வாரத்தில் பள்ளிவாசல் தலைவர் ஹாஜி முஸ்தோஃபா அவளுக்கு ஆள் அனுப்பினார். தொழுகை நேரம் காட்டும் பெரிய தொலைக்காட்சி கெட்டுவிட்டதாம். பழுது பார்க்க வேண்டாம், புதிதாக எது வாங்கலாம் என்று மட்டும் வந்து சொன்னால் போதுமாம். "வைத்தியனைக் கூப்பிட்டுட்டு சவப்பெட்டி அளவு கேக்குறாரு" என்று முணுமுணுத்தபடி சாயங்கால அஸர் தொழுகைக்குப் போனாள். தொழுகை முடிந்ததும் பையோடு முன்னால் வந்தாள். சுவரில் திரை கன்னங்கரேலென்று தொங்கியது. நேர் கீழே ஒரு ஸ்டூல்.

தூரத்தில், தூணோரமாக நின்றிருந்தார் பாக் ஜைமின்; பெரியவர்களை ஊரில் 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி, முரசு தட்டி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் இடத்தை ஒட்டிய சின்ன அறையிலேயே குடியிருப்பவர். அவருக்கு வேறு வீடு கிடையாது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"எப்ப போச்சு, பாக்?" என்று ஹாஜியாரைக் கேட்டாள்.

"நோன்பு முதல் நாள் மத்தியானம் லுஹர்லேர்ந்து. தொழுகைக்கு நிக்கிறோம், அணையுது. முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் அப்படியே கெடக்குது. ரொம்ப நேரம் கழிச்சுத் தானா வருது. அதுக்கு முந்தின நாள் ஜைமின் ஈரத்துணி போட்டுத் தொடைச்சாரு. உள்ள தண்ணி போயிடுச்சு. டிவி பக்கமே வராதேன்னு சொல்லிட்டோம். பெருநாள் முடிஞ்சதும் அறையைக் காலி பண்ணிடுவாரு. வேற ஆள் பாத்தாச்சு."

மார்னி திரையைப் பார்த்தாள். பிறகு ஹாஜியாரைப் பார்த்தாள்.

"தண்ணி போன டிவிக்குத் தொழுகை நேரம் தெரியுமா, பாக்? அஞ்சு வேளையும் தவறாம அணையுதே. இந்தத் தெருவுல பாதிப்பேரை விட ஒழுங்கா இருக்கே!"

பின்னால் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஸ்டூலில் ஏறி, கைகளைக் குவித்து முகத்தை ஒட்டிவைத்தாள். இறங்கி ரிமோட்டில் ஒலியைக் கூட்டினாள். கறுப்பின் நடுவே ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று பளிச்சென்று எழுந்து நின்றது. பையிலிருந்த விசைப்பலகையைத் திரைக்குப் பின்னாலிருந்த சின்னக் கணினியில் செருகி, நேரம் காட்டும் புரோகிராமை மூடினாள். சுவர் நிறைய வயல்வெளிப் படம் ஒன்று விரிந்தது. நாற்று நாற்றாக எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு.

மறுபடி புரோகிராமைத் திறந்து உள்ளே போனாள். தொழுகையில் கவனம் சிதறாமல் இருக்கத் திரையைக் கொஞ்ச நேரம் இருட்டாக்கும் வசதி அதில் உண்டு. எல்லா வேளைக்கும் பொதுவாக மேலே ஒரு கட்டம். இரவுத் தொழுகையான இஷாவுக்கென்று கீழே தனியாக ஒரு கட்டம். நோன்பு இரவுகளில் இஷாவை அடுத்து நீளும் தராவீஹ் முழுவதற்கும் போதுமான நிமிடங்களை யாரோ மேல் கட்டத்தில் போட்டிருந்தார்கள்.

"இதை மாத்தினது யாரு?"

பள்ளிவாசல் செயலாளர் ஹெரு கழுத்தைச் சொறிந்தார். அவர் ஹாஜியாரின் மருமகன். "நான்தான், அக்கா. தராவீஹ் பாதியில வெளிச்சம் வந்தா கண்ணைக் குத்துமேன்னு நீட்டி வெச்சேன். இஷாவுக்கு மட்டும்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. டிவி இருட்டானப்போ அதை ஏன் நெனைக்கல?"

அந்த நிமிடக் கணக்கை மார்னி இஷாவின் கட்டத்துக்கு மாற்றி, மேல் கட்டத்தில் சில நிமிடங்களை மட்டும் போட்டு முடித்தாள். நேரங்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. "அல்ஹம்துலில்லாஹ், புதுசு வாங்க வேண்டாம்" என்றார் ஹாஜியார். எல்லோரும் மாறி மாறித் திரையைப் பாராட்டினார்கள். தூண் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வேலை முடிந்தது, அவ்வளவுதான் என்பதுபோல ஹெரு ஸ்டூலை எடுக்கப் போனார்.

மார்னி ஸ்டூலின் மேல் கையை வைத்தாள். "பாக் ஜைமின்கிட்ட யாரு சொல்லப் போறீங்க?"

"என்னத்தைச் சொல்லணும்?" என்றார் ஹாஜியார். "சின்ன விஷயம். நோன்பு மாசத்துல கோபம் கூடாதும்மா."

"நோன்பு மாசத்துல பழி போடலாமா, பாக்? ஒரு மனுஷன் படுக்கிற எடத்தையே புடுங்கப் பாத்தீங்க. ஒலி பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாக்க ஒருத்தருக்கும் கை வரல. ஆனா அவரை வெளிய அனுப்ப மட்டும் எல்லாருக்கும் வாய் வந்துச்சு!"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "சரி, ஜைமின் இருக்கட்டும்" என்றார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஜைமின் தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை. போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மார்னிக்குப் போதவில்லை. அவள் காது மடல் வரை சிவந்திருந்தது.

வெளிச்சம் வந்த திரையில் விரல் தடங்கள் அப்பிக் கிடந்தன. செத்துவிட்டதா என்று குத்திப் பார்த்த பள்ளிவாசல் கமிட்டிக்காரர்களின் தடங்கள். மார்னி பையிலிருந்து பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தாள். நேராகத் தூணுக்குப் போய், ஜைமினின் வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து இழுத்து, ஊதாத் துணியை அதில் வைத்து விரல்களை மூடினாள்.

"தொடைங்க, பாக்" என்றாள். அவரைத் திரைக்குக் கீழே கூட்டிவந்து, அவர் ஏறும்வரை குனிந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.