பசுப்பால் சொதி

கொலஸ்ட்ரோல் என்றதும் எங்கள் ஆட்கள் முதலில் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது தேங்காயைத்தான். என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே என் கணவர் ஃபிரீசரில் இருந்த, துருவிய தேங்காய்ப்பூப் பைக்கற்றுகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் சிட்னி நார்த்மீட் வீட்டுக் குசினியில் சொதிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசுப்பால்தான், அதுவும் கொழுப்பு நீக்கியது. நான் சாப்பிடும்போது எதிரே இருந்து என் தட்டையே பார்ப்பார். மூன்று மாதம் பொறுத்தேன்.

மறுபடி இரத்தம் சோதித்துப் பார்த்தால் கொலஸ்ட்ரோல் முன்பைவிடக் கூடியிருந்தது.

"உண்மையைச் சொல்லும். வேலையில ஒளிச்சு, எண்ணெயில பொரிச்ச றோல்ஸ் ஏதும் சாப்பிடுறனீரோ?"

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் களவாகத் தின்கிற ஆள் இல்லை; தின்றால் அவர் முன்னால் இருந்துதான் தின்பேன். என் உடம்பையும் எனக்குத் தெரியும். ஜனவரி வெயிலில் சிட்னியே வேகும்போது நான் மட்டும் காலுறையும் கம்பளிச் சட்டையுமாய் இருந்தேன். தலைமயிர் சீப்போடு வந்தது. பகல் இரண்டு மணிக்கே கண் சொருகியது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டொக்டரிடம் போய், என் சாப்பாட்டில் பிழை இல்லை, வேறு எங்காவது தேடுங்கள் என்றேன். வயதாகிறதுதானே என்று அவர் தொடங்கினார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

தைரொயிட்டைப் பார்த்தார்கள். சுரப்பி சோம்பிக் கிடந்ததாம். அந்த ஹோர்மோன் குறைந்தால் ஈரல் கொழுப்பை அகற்றுவதும் மெதுவாகிவிடுமாம். பசுப்பால் சொதி பாவம், அது என்ன செய்யும்? காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் குளிசை தந்தார்கள். சில மாதங்களில் காலுறை கழன்றது, கொலஸ்ட்ரோலும் இறங்கியது.

புது முடிவைக் கணவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஓம், இப்ப நம்புறன்," என்றார்.

"தாளையோ, என்னையோ?"

அடுத்த ஞாயிறு அவரே கடைக்குப் போய்த் தேங்காய்ப்பூ வாங்கிவந்து, சம்பல் செய்து, இடியப்பத்தோடு மேசையில் வைத்தார். டொக்டர் அளவோடு என்றுதான் சொல்லியிருந்தார். அது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு கரண்டிதான் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் தட்டைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.