இரண்டாம் தடவை கேட்காத மச்சான்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வீட்டில் 'சாப்பிடுங்க' என்றால், 'வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டு வாறேன்' என்று சொல்லவேண்டும். வயிறு காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். அவர்கள் விடமாட்டார்கள். 'அட, ஒரு வாய் சாப்பிட்டா என்னங்க ஆயிரும்' என்று மறுபடியும் கேட்பார்கள். அதற்கப்புறம்தான் இலைக்கு முன்னால் உட்காருவது. முதல் தடவை கேட்டதுமே உட்கார்ந்தவனை, 'இவன் எந்த ஊர்க்காரன்' என்று பேசுவார்கள்.

என் தங்கை நஞ்சம்மாளின் மகன் திருமூர்த்தி இந்த வழக்கத்தையே விட்டுவிட்டான். 'காப்பி குடிக்கறீங்களா?' என்று கேட்டால், 'குடுங்க' என்பான். இல்லையென்றால் 'வேண்டாம்' என்பான். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எத்தனை தடவை கேட்டாலும் பதில் மாறாது. எங்கள் ஊர் தொண்டாமுத்தூரில் அவனுக்கு மரியாதை தெரியாது என்று பேச்சு. அவனைப்போல மரியாதை பார்த்தவன் எங்கள் கூட்டத்திலேயே இல்லை. அந்த மரியாதையால்தான் அவன் கெட்டான்.

நஞ்சம்மாளுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவள் வெங்கடலட்சுமியைக் காரமடையில் பாலுசாமிக்குக் கொடுத்தது. இளையவன் திருமூர்த்தி. அப்பன் சீக்கிரமே போய்விட்டதால், அக்காளையும் அவள் வீட்டுக்காரரையும் தாய் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துத்தான் அவன் வளர்ந்தான். மச்சான் நின்றுகொண்டிருந்தால் இவன் உட்காரமாட்டான். மச்சான் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. போர்வெல் கிணற்றில் மோட்டார் இறக்குவதிலும் ஏற்றுவதிலும் கெட்டிக்காரன். நாலு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு, புவனாவைக் கட்டி நல்லபடியாக இருந்தான்.

பாலுசாமி மோட்டார் ஏற்றுமதி செய்கிறவர். அவருக்கு ஈராக் பக்கம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கிணறு கிணறாக மோட்டார் இறக்கி ஓட்டிக் காட்டவேண்டும். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இவனைக் கேட்டார்.

"சைட்டு உன்னுது மாப்ளே. அங்க நீ வெச்சதுதான் சட்டம். ஆள் வெக்கறது, நிறுத்தறது எல்லாம் உன்ற இஷ்டம். நான் தலையே உடமாட்டேன்" என்றார். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஈராக்கில் சண்டையாமே மாப்பிள்ளை?" என்றேன்.

"அது வேறங்க அத்தை. இது குர்திஸ்தானுங்க. தனிக் கொடி, தனி போலீசு, தனி சட்டசபை. எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க."

அப்படியென்றால் தனி நாடா என்று கேட்டேன். பாதி நாடு என்றார். நாட்டில் பாதி எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதைப் புரியவைக்கத்தான் என் தங்கை மகன் போய்வந்தான் போலிருக்கிறது.

விசா, டிக்கெட் எல்லாம் பாலுசாமிதான் ஏற்பாடு செய்தார். உக்கடத்தில் கரீம் என்று ஒரு ஏஜெண்டு, அவர் மூலமாக. இவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்ததோடு சரி. என்ன விசா, எதுவரைக்கும் செல்லும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சானிடம் போய் அதையெல்லாம் கேட்பதா?

பொங்கல் கழித்துப் போனான். எர்பில் என்கிற ஊருக்கு வெளியே, தில்ஷாத் என்ற விவசாயியின் வீட்டுப் பக்கத்து அறையில் தங்கினான். கோதுமை, தக்காளி, வெள்ளரி போடுகிற ஆள். இவனுக்குத் துபாயில் கற்ற கொஞ்சம் அரபி, அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், மீதியெல்லாம் கை ஜாடை. போனில் என்னிடம் சொல்வான்: "பெரிம்மா, இங்கயும் நம்மூரு மாதிரியே. வேண்டாம்னா உடறதில்லை. தில்ஷாத்து மூணு தடவை கேட்டுப்போட்டுத்தான் உடறாரு. டீக்கு மட்டும் கேக்கறதே இல்லை, ஊத்திப்போடறாரு."

புரட்டாசி மாதத்தில் அங்கே ஓட்டெடுப்பு வைத்தார்கள். பாதி நாடாக இருந்தது போதும், முழு நாடாக வேண்டுமா என்று சனங்களையே கேட்டார்கள். தில்ஷாத் விரலில் மையோடு வந்து இவனுக்குக் காட்டினாராம். வேண்டும் என்று போட்டேன் என்று சொல்லிச் சிரித்தாராம். ஊரெல்லாம் கொடி, பட்டாசு, கார் ஹாரன். இவனும் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு படம் அனுப்பினான். புவனா அதை எனக்குக் காட்டினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அந்தச் சமயத்தில் பாலுசாமியும் ஆர்டர் பார்க்க அங்கேதான் இருந்தார். ஓட்டு முடிந்து, வியாழக்கிழமை காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இவன் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"மாப்ளே, நான் துபாய் வரைக்கும் போயிட்டு வாரேன். ஒரு ஸ்பேர் எடுக்கோணும். நீயும் வாறயா?"

அவனுக்கு ஆசைதான். ஐப்பசியில் அக்காள் மகள் நந்திதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவன் ஒருத்தன்தான். துபாய் போனால் அப்படியே ஊருக்கும் வந்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் முதல் தடவை கேட்டதும் பெட்டியை எடுத்தால் மச்சான் என்ன நினைப்பார்?

"இல்லைங்க மச்சான், நீங்க போயிட்டு வாங்க. இங்க வேலை கெடக்குது" என்றான்.

மறுபடியும் கேட்பார் என்று நின்றான். 'அட, வேலை எங்க போகுது, வா மாப்ளே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"செரி, அப்ப சைட்டைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பாலுசாமி காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானத்தை அடைத்துவிட்டார்கள். பாக்தாத்தில் இருக்கும் பெரிய சர்க்கார், இனி எர்பிலுக்கு வெளிநாட்டு விமானம் எதுவும் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று உத்தரவு போட்டது. இரண்டு நாள் முன்னாலேயே அது பேச்சாக வந்துவிட்டதாம். டிவியில் ஓடியதாம். இவன் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தான், டிவி பார்க்கவில்லை.

இவன் மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், பிளேனையெல்லாம் நிறுத்திப்போட்டாங்களாமாங்க."

"பயப்படாதே மாப்ளே. சீக்கிரம் உட்ருவாங்க. சைட்டை மட்டும் உட்டுறாதே. ஆள் இல்லைன்னா ஆர்டரு கைமாறிப்போயிரும்."

பாக்தாத் போய் அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம் என்றால், இவன் பாஸ்போர்ட்டில் இருந்தது குர்திஸ்தான் குத்திய முத்திரை. அது அந்த எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். பாக்தாத்துக்கு அது வெறும் மை. இன்னொரு பக்கம் துருக்கி. அதற்கு வேறு விசா. இவன் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லோரும் டீ ஊற்றிக் கொடுத்து, நாளைக்கு வா என்றார்கள்.

அப்போதுதான் தில்ஷாத் அவனுக்குப் பாதி நாடு என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறார். வீடு எங்களுடையது, அடுப்பு எங்களுடையது, உள்ளே யார் எங்கே படுப்பது என்பதும் எங்கள் இஷ்டம். தெருக்கதவுக்கு மட்டும் வெளியிலிருந்து தாழ்ப்பாள், அது எப்போதும் அவர்கள் கையில். இவன் அதைக் கேட்டுவிட்டுத் தன் மச்சானை நினைத்திருக்கிறான். சைட்டு உன்னுது, நீ வெச்சதுதான் சட்டம். திரும்பி வருகிற டிக்கெட் யாரிடம் இருந்தது?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கிர்குக் என்கிற ஊரையும் அவர்களிடமிருந்து பாக்தாத் படை எடுத்துக்கொண்டது. தில்ஷாத் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லையாம். தீவிரவாதிகளை எதிர்த்து எங்களோடு தோள் சேர்ந்து சண்டை போட்ட நாட்டுக்காரர்களெல்லாம், ஓட்டுப் போட்டதும் எங்களைத் தெரியாது என்றார்கள் என்று அந்த மனுஷன் அழுததை இவன் போனில் சொன்னான்.

நந்திதா கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் வெங்கடலட்சுமியிடம் சொன்னேன். மண்டபம் கிடைக்காது பெரியம்மா என்றாள்.

கல்யாணத்தன்று காரமடை மண்டபத்தில் வெங்கடலட்சுமியின் போனைப் பூத்தட்டுக்குச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அதில் திருமூர்த்தி முகம். புதுச்சட்டை போட்டு, அங்கே கிடைத்த எதையோ குழைத்து நெற்றியில் பொட்டு வைத்திருந்தான். எங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரவேண்டும். அது அவனுக்கு மட்டும் உள்ள உரிமை. கல்யாணம் நடத்தும் அருமைக்காரர் கேட்டார்:

"பொண்ணோட தாய்மாமன் எங்கீங்க?"

பாலுசாமி கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அவன் வர்லீங்க. நான் கேட்டேன். வாறயான்னு கேட்டேன். வர்லைன்னு சொல்லிப்போட்டான்."

"ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு தடவைதானுங்களே கேட்டீங்க?" என்றேன் நான்.

"ஒரு தடவை கேட்டாப் பத்தாதுங்களா அத்தை? அவனென்ன சின்னக் கொழந்தையா?"

நாலு பேர் சிரித்தார்கள். வெங்கடலட்சுமியின் பெரியப்பன் மகனைக் கூப்பிட்டுப் பட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினான். போனிலிருந்து, "அக்கா, கொஞ்சம் இருங்க, அக்கா" என்று குரல் வந்தது. வெங்கடலட்சுமி குனிந்தாள். பதில் சொல்லத்தான் குனிகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் போனை எடுத்து, அணைக்காமல், தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

விமானம் மறுபடி விட்டது பங்குனியில்தான். வேலையும் முடிந்திருந்தது. திருமூர்த்தி வந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே உக்கடத்துக்குப் போய் கரீமைப் பார்த்திருக்கிறான்.

"என்னங்க பாய், எனக்கு ஏன் பாக்தாத் விசா சேத்துப் போடலைங்க?"

கரீமுக்கு ஒன்றும் மறைக்கத் தெரியவில்லை. "அண்ணா, நான் சொன்னேனுங்க. ரெண்டும் போட்டுக்கங்க, ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் போலாம்னு சொன்னேன். உங்க மச்சான் அவருக்கு ரெண்டும் போட்டாரு. உங்களுக்கு ஒண்ணு போதும்னுட்டாரு. ஆளு பாதியில ஓடி வந்துறக் கூடாதுன்னாரு. நான் விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேங்க."

இதை எனக்குச் சொன்னபோது அவன் சத்தம் போடவில்லை. புவனா தட்டு வைத்து, "சாப்பிடறீங்களா?" என்றாள். "போடு" என்றான். கேட்ட முதல் தடவையிலேயே அவன் சரி என்றது அதுதான் முதல்.

வருஷங்கள் ஓடின. போன மார்கழியில், இளையவள் பிந்துவுக்குத் தையில் கல்யாணம் என்று பாலுசாமியும் வெங்கடலட்சுமியும் வெற்றிலைத்தட்டோடு வந்தார்கள். முந்தின ராத்திரி யானை வந்து தென்னங்கன்றைச் சாய்த்துப் பைப்பை மிதித்துவிட்டிருந்தது. திருமூர்த்தி அதை ஒட்டிக்கொண்டிருந்தவன், கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மச்சான் நின்றுகொண்டிருந்தார். இவன் உட்கார்ந்தான்.

"மாப்ளே, நீதான் வந்து பட்டம் கட்டோணும்" என்று தட்டை நீட்டினார் பாலுசாமி.

"வர்லைங்க மச்சான்."

பாலுசாமி சிரித்தார். அது முதல் தடவைதானே. "அட, அப்படிச் சொல்லாத மாப்ளே. தாய்மாமன் நீ இல்லாம எப்படி?"

"நீங்க கேட்டீங்க. நான் வர்லைன்னு சொல்லிப்போட்டேன். ஒரு தடவை கேட்டாப் பத்தாதுங்களா?"

பாலுசாமிக்குச் சிரிப்பு நின்றது. தட்டு மட்டும் நீட்டியபடியே இருந்தது.

வெங்கடலட்சுமி அழுதாள். "அவரை உடு கண்ணு. என்னைப் பாரு. உன்கூடப் பொறந்தவ நான்."

"அக்கா, நீங்க போனை அணைக்கலை. அது உங்களுக்குத் தெரியுமா?" என்றான். "பைக்குள்ள இருந்து எல்லாம் கேட்டேன். மேளம் கேட்டேன். அருமைக்காரர் மங்கல வாழ்த்துச் சொன்னதைக் கேட்டேன். கெட்டிமேளம் கேட்டேன். நீங்க பந்தியில நின்னு எல்லாரையும், 'அட, இன்னொரு வாய் சாப்பிடுங்க, இன்னொரு வாய் சாப்பிடுங்க'ன்னு கேட்டுட்டே இருந்தீங்க. சார்ஜு போற வரைக்கும் கேட்டேன்."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். புவனா உள்ளிருந்து வந்து, வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்காமல் இருக்கக்கூடாதே என்று, "காப்பி குடிக்கறீங்களாங்க?" என்றாள்.

"வேண்டாம் அம்மணி" என்றார் பாலுசாமி.

புவனா இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தாள். திருமூர்த்தி, "வேண்டாமாம்" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் கூட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தாய்மாமன் பட்டம் கட்டினான் என்று என் மாமியார் காலத்திலிருந்து கேளுங்கள், சொல்லிவிடுவேன். பிந்துவுக்குக் கட்டியது யார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. என்னையும் வரச்சொல்லி ஒரு தடவை கேட்டார்கள். நானும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.